குறிஞ்சிப் பெயர், நெய்தல் நிறம்

ஜப்பானின் ஹொன்ஷூ தீவின் வடகிழக்கில் பசிபிக்கைப் பார்த்தபடி ஒரு நீண்ட கரை. மணலைவிடப் பாறை அதிகம். அவோமோரியில் தொடங்கி இபராக்கி வரை அந்தப் பாறை இடுக்குகளில் ஒரு செடி, யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்ந்து நிற்கிறது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். அடித்தண்டு விறகுக் குச்சிபோல மரத்திருக்கும். கீழ் இலைகள் உதிர்ந்து, உச்சியில் மட்டும் கொத்தாக இலை. விரலால் பிடித்தால் தடிப்பு தெரியும். எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி மினுங்கும். அலைத் தெறிப்பும் உப்புக்காற்றும் நாள் பூரா மேலே விழுகிற இடத்தில் மெல்லிய இலையோடு குடித்தனம் நடத்த முடியாது.

செப்டம்பர் நடுப்பகுதி வரை அது வெறும் பச்சைப் புதர்தான். மற்ற பூக்கள் எல்லாம் கடையைக் கட்டுகிற நேரத்தில் இது கடை திறக்கும். நவம்பர் வரை பூக்கும். இரண்டரை அங்குல அகலத்தில் நடுவே மஞ்சள் பொட்டு, சுற்றிலும் வெள்ளை. பின்னால் கடல் சாம்பல் நிறத்தில் குமுறிக்கொண்டிருக்க, அந்த வெள்ளை கண்ணைக் கூசவைக்கும்.

அங்கே அதன் பெயர் ஹாமாகிகு. ஹாமா என்றால் கடற்கரை, கிகு என்றால் சாமந்தி. கடற்கரைச் சாமந்தி. சாமந்தி, சூரியகாந்தி, நம் வரப்போரத்து வெட்டுக்காயப்பூண்டு, கரிசலாங்கண்ணி எல்லாம் சேர்ந்த அதே பெரிய குடும்பம்தான் இதுவும்.

இந்தக் கரைக்காரி ஒரு கண்டம் தாண்டிப் போய், வேறு மூன்று செடிகளோடு சம்பந்தம் வைத்து, ஒரு பனிமலையின் பெயரில் ஒரு பிள்ளையைப் பெற்றாள் என்று ஒரு கதை உண்டு. பிள்ளையின் பெயர் ஷாஸ்டா டெய்சி. (சாஸ்தா என்று எழுதலாம்தான், எழுதினால் சபரிமலைக்குப் பேருந்து ஏறிவிடுவோம்.) ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீட்டு முற்றங்களில் பார்த்திருப்பீர்கள்: நீளக் காம்பு, உள்ளங்கை அளவு வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். குழந்தையிடம் பென்சிலைக் கொடுத்துப் பூ வரையச் சொன்னால் வரைகிற அதே பூ. அது ஏதோ ஆதியிலிருந்தே இருக்கிற பூ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறந்த ஆண்டு உண்டு: 1901. பிரசவம் பார்த்தவர் பெயரும் உண்டு: லூதர் பர்பேங்க்.

பர்பேங்கைப் பெயரளவில் தமிழ் வாசகர் பலருக்குத் தெரியும். பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’ இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம். அந்தப் புத்தகத்தின் சமர்ப்பணமே இவருக்குத்தான். அமெரிக்கத் துறவி என்று யோகானந்தர் அவரைக் குறிப்பிட்டிருப்பார். முள்ளில்லாத கள்ளிச்செடியை உண்டாக்கியவர், செடியோடு பேசியவர் என்று உள்ளே ஒரு தனி அத்தியாயமே உண்டு. அந்த அத்தியாயத்தைப் படித்தால் அவர் ஒரு மகான் போலத் தோன்றும். மண்ணில் நின்று பார்த்தால் அவர் ஒரு விடாப்பிடிக்கார நாற்றுக்காரர்.

1849இல் மசாசூசெட்ஸ் மாநிலத்து லான்கஸ்டரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு பள்ளியோடு சரி. அப்பா இறந்த பிறகு கைக்கு வந்த பங்கில் 17 ஏக்கர் வாங்கிக் காய்கறி போட்டார். டார்வினுடைய புத்தகம் ஒன்று கைக்குக் கிடைத்தது. வீட்டுச் செடிகளும் வளர்ப்பு மிருகங்களும் எப்படி மாறுகின்றன என்பது பற்றியது. அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. 1872இல் தோட்டத்து உருளைக்கிழங்குச் செடி ஒன்றில் ஒரு காய் கட்டியதைப் பார்த்தார். உருளைக்கிழங்கு காய்ப்பது அபூர்வம். உள்ளே 23 விதைகள். இருபத்து மூன்றையும் முளைக்கவைத்து, அதில் ஒன்றைத் தேறவைத்தார். அதன் உரிமையை 150 டாலருக்கு விற்றுவிட்டு, 1875இல் அந்தக் கிழங்கில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். இன்று உலகம் முழுக்க நீள நீளமாக வறுபடுகிற ரஸ்ஸட் பர்பேங்க் அந்த வம்சம்தான். சான்டா ரோசா என்ற சிற்றூரில் இறங்கி, அங்கேயே கடைசிவரை இருந்துவிட்டார்.

கிழங்கை விடுங்கள், பூவுக்கு வருவோம்.

அவர் பிறந்த ஊர்ப்பக்கம் வயலெல்லாம் ஒரு களை. ஆக்ஸ் ஐ டெய்சி, அதாவது மாட்டுக்கண் டெய்சி. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு கடல் கடந்து வந்து நிலத்தில் ஒட்டிக்கொண்டது. மேய்ச்சல் நிலத்துக்குள் புகுந்தால் புல்லைத் தலையெடுக்க விடாது, மாடும் அதை விரும்பித் தின்னாது. விவசாயிக்கு எரிச்சல். ஆனால் சிறுவன் பர்பேங்குக்கு அது பிடித்திருந்தது. காம்பு மெலிந்தது, பூ சின்னது, வெள்ளையும் கொஞ்சம் அழுக்குத் தட்டியது. இருந்தாலும் அந்த உயிர்ப்பிடிப்பு! வெட்டினால் துளிர்க்கும், மிதித்தால் நிமிரும், கொத்துக் கொத்தாகப் பூக்கும். இத்தனை உயிர் உள்ள ஒன்றை ஒழுங்காக வளர்த்து ஆளாக்கினால் என்ன என்று தோன்றியது. நம்மூரில் ஆகாத பிள்ளை என்று ஊரே ஒதுக்கிய பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தருகிற வாத்தியார் ஒருவர் இருப்பாரே, அந்த மாதிரி.

1884இல் வேலை தொடங்கியது. மனதில் ஒரு பூ வரைந்து வைத்திருந்தார்: பெரிதாக இருக்க வேண்டும், சீக்கிரம் பூக்க வேண்டும், பல மாதம் பூக்க வேண்டும், காம்பு வழவழப்பாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும், பறித்துத் தண்ணீரில் வைத்தால் பல நாள் தாங்க வேண்டும், வெள்ளை என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும். கடைசி விஷயம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

ஒரு டெய்சியைப் பறித்து நகத்தால் பிரித்துப் பார்த்தால் இது ஏன் கஷ்டமான வேலை என்று புரியும். நாம் ஒரு பூ என்று சொல்வது ஒரு பூவே இல்லை. சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை மடலும் ஒரு தனிப் பெண்பூ. அடியில் அதற்கென்று ஒரு சூல் உண்டு. நடுவே மஞ்சளாகத் தெரிவது நூற்றுக்கணக்கான குட்டிக் குழல்பூக்களின் கூட்டம். அவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். வெளி வட்டத்திலிருந்து உள்ளே நோக்கி நாளுக்கு ஒரு வரிசையாகத் திறக்கும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழாயாகி நிற்க, சூல்தண்டு அதற்குள்ளே புகுந்து, இடியாப்ப உழக்கில் மாவை அழுத்துவது போல மகரந்தத்தை வெளியே தள்ளும். ஆக, ஒரு ‘பூ’வில் நூறு கல்யாணம், அதுவும் ஒரே முகூர்த்தத்தில் இல்லை. ரோஜாவிலோ செம்பருத்தியிலோ செய்கிற மாதிரி இடுக்கியை எடுத்து ஆண் பகுதியைக் கிள்ளிப்போட்டுவிட்டு நாம் விரும்பும் மகரந்தத்தை வைப்பது இங்கே நடக்காது. ஒரே ஆறுதல், இந்தக் கூட்டத்தில் பல செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாது; அயலார் மகரந்தம் வந்தால்தான் விதை பிடிக்கும்.

மாட்டுக்கண் டெய்சிக்கு முதலில் அவர் கொண்டுவந்த சம்பந்தம், ஆங்கிலேயத் தோட்டங்களில் வளர்ந்த பெரிய டெய்சி. அதன் சொந்த ஊர் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே உள்ள பிரனீஸ் மலை. அடுத்து, போர்ச்சுக்கல் நாட்டு டெய்சி ஒன்று. அதன் லத்தீன் பெயரிலேயே ஏரி இருக்கிறது, ஈரம் விரும்பி. ஒவ்வொரு கலப்பிலும் விதை எடுத்து விதைப்பார். நாற்று பூத்ததும் வரிசை வரிசையாக நடந்துகொண்டே பார்ப்பார். பிடித்த செடியில் ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டுவார். கட்டு விழாத செடிகள் பிடுங்கி எரிக்கப்படும். பாத்தியில் ஆயிரக்கணக்கில் நிற்கும். மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணும் அளவு. அவரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் நினைவில் நின்றது அந்தப் பெருந்தீதான். புதுப் பூக்களை உண்டாக்குகிறவர் என்று கேள்விப்பட்டு வந்து, ஒரு மனிதர் ஏக்கர் கணக்கில் பூத்த செடியை எரிப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பூ பெரிதானது, காம்பு நீண்டது, பூக்கும் காலமும் நீண்டது. வெள்ளை மட்டும் வரவில்லை. தூரத்தில் வெள்ளை, பக்கத்தில் போனால் அரிசி களைந்த தண்ணீர் நிறம். இன்னொருவராக இருந்தால் இது போதும் என்று விற்கக் கிளம்பியிருப்பார்.

ஜப்பானோடு அவருக்கு முன்பே தொடர்பு இருந்தது. 1885இல் யோகோஹாமாவிலிருந்த ஒரு வணிகர் மூலம் பிளம் கன்றுகளை வரவழைத்தார். கலிபோர்னியாவின் பிளம் தோட்டங்களையே மாற்றிவிட்ட கன்றுகள் அவை. அப்படி ஜப்பானிலிருந்து அவர் கைக்கு வந்த இன்னொன்று நம் கடற்கரைச் சாமந்தி. வளர்த்துப் பார்த்தார். செடி கரடுமுரடு. பூக்க ஆரம்பிப்பதற்குள் ஆண்டே முடியப்போகும். ஆனால் அந்த வெள்ளை! தான் பல வருஷமாகத் தேடியது எதிரே நிற்கிறது. தன்னுடைய மூவழிக் கலப்புகளில் சிறந்தவற்றின் மேல் அதன் மகரந்தத்தை வைத்தார். பிறகு வந்த தலைமுறைகளில் பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததில், ஒரு வழியாக, அழுக்கே இல்லாத வெள்ளை பூத்தது. தொடங்கிப் பதினேழு ஆண்டு ஆகியிருந்தது.

பெயர் வைக்கும்போது அவர் வடக்கே பார்த்தார். கலிபோர்னியாவின் வடகோடியில், சான்டா ரோசாவிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, 4,322 மீட்டர் உயரத்தில் ஷாஸ்டா என்ற எரிமலை, உச்சியில் பனியோடு நிற்கிறது. அந்தப் பனியின் வெள்ளை என்று சொல்லி ஷாஸ்டா டெய்சி என்று வைத்தார். வியாபாரிக்கு ஏற்ற பெயர்தான். கலிபோர்னியாக்காரனுக்குப் பெருமை, வாங்குகிறவனுக்கு உடனே கண்ணில் ஒரு படம். ஆனால் நம் கணக்கில் இது திணை மயக்கம். குறிஞ்சியின் பெயரைச் சூட்டி, நெய்தலின் நிறத்தை விற்றிருக்கிறார் மனிதர்.

இந்த இடத்தில் வெள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷாஸ்டாவின் ஒரு மடலைப் பிய்த்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நன்றாகக் கசக்குங்கள். வெள்ளை காணாமல் போகும். விரலில் இருப்பது நனைந்த காகிதம் போல, ஒளி ஊடுருவும் ஒரு ஈரத் துண்டு. செம்பருத்தியைக் கசக்கினால் விரல் சிவக்கும், சாமந்தியைக் கசக்கினால் மஞ்சள் ஒட்டும். வெள்ளை ஒட்டாது, ஏனென்றால் மடலில் வெள்ளைச் சாயம் என்று ஒன்றுமே இல்லை. நிறமில்லாத செல்களும் அவற்றுக்கு நடுவே நுண்ணிய காற்று இடைவெளிகளும்தான். வெளிச்சம் உள்ளே புகுந்து, செல்லிலும் காற்றிலும் மாறி மாறி மோதி, எல்லா நிறமும் ஒன்றாகத் திரும்பி வருவதைத்தான் நாம் வெள்ளை என்கிறோம். கசக்கியதும் காற்று வெளியேறிவிடுகிறது, வெள்ளையும் கூடவே போய்விடுகிறது. மலையுச்சிப் பனி வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்: தெளிந்த பனிப் படிகங்களுக்கு நடுவே காற்று. கரையில் வந்து மோதும் நுரை வெள்ளையாக இருப்பதும் இதனால்தான்: தெளிந்த தண்ணீருக்கு நடுவே காற்று. எந்த மடலில் மஞ்சளோ பழுப்போ துளிகூடக் கலக்காமல் இருக்கிறதோ அது தூய வெள்ளை. பர்பேங்க் பதினேழு வருஷம் மடலுக்குள் எதையும் சேர்க்கவில்லை. ஒரு அழுக்கை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

பூ ஊருக்குள் வந்தது. 1904இல் அதன் தங்கைகளாக அலாஸ்கா, கலிபோர்னியா, வெஸ்ட்ரேலியா என்று மூன்று வகைகளைப் பர்பேங்கே வெளியிட்டார். அதில் அலாஸ்கா இன்றும் சாகவில்லை. ஊட்டியிலிருந்து வரும்போது நான் வாங்கி வந்த விதை உறையில் அந்தப் பெயரைப் பார்த்து, ஏதோ குளிர் தாங்கும் என்பதற்காக வைத்த விளம்பரப் பெயர் என்றே நினைத்தேன். நூற்றிருபது வருஷப் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. 1930களில் இங்கிலாந்தில் எஸ்தர் ரீட் வந்தது. அடுக்கு மல்லி, அடுக்குச் செம்பருத்தி என்கிறோமே, அதுபோல அடுக்கு டெய்சி, பூக்கடைக்காரர்கள் கொண்டாடினார்கள். வெள்ளைப் பூவுக்கு ஒரு சௌகரியம், காம்பைச் சாய நீரில் வைத்தால் எந்த நிறமும் ஏறும். விரால் சுப்ரீம், மடல்கள் கிழிந்து தொங்குகிற அக்லயா, குட்டையாகவே நின்றுவிடுகிற ஸ்னோகேப், வெள்ளையே வேண்டாம் என்று வெளிர் மஞ்சளுக்குப் போன பனானா க்ரீம் என்று பட்டியல் நீளும். பெக்கி என்ற வகையைப் பல்லாண்டுச் செடி வளர்ப்போரின் அமெரிக்கச் சங்கம் 2003ஆம் ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது. பெக்கிக்கு வெயில் தாங்கும் குணம் உண்டு. அமெரிக்கத் தெற்கின் புழுக்கத்தில் வேறு ஷாஸ்டாக்கள் வாடியபோது இது நின்று பூத்தது. பெக்கி போன்ற வகைகளை விதையில் நம்ப முடியாது. தூர் பிரித்து நட்டால்தான் அம்மாவைப் போலவே வரும். அதனால் பெக்கி என்று விற்கப்படும் ஒவ்வொரு செடியும், கணக்குப்படி பார்த்தால், ஒரே செடியின் துண்டு.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். எந்த விதை உறையிலும் இதைப் போட மாட்டார்கள். நாற்றம். எல்லா வகையும் இல்லை. பல வகை நாறும். என் வீட்டில் முதல் ஷாஸ்டா பூத்தபோது ஐந்தாறைப் பறித்துக் கூடத்து மேசையில் வைத்தேன். மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு அலைந்தோம். பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று முடிவு கட்டி, சோபாவை நகர்த்தி, பினாயில் ஊற்றித் துடைத்து, ஜன்னலையெல்லாம் அடைத்தாயிற்று. ஜன்னலை அடைத்த பிறகு இன்னும் மோசம். கடைசியில் பூச்சாடிப் பக்கம் குனிந்த என் அத்தைதான் கண்டுபிடித்தார். இந்தப் பூவுக்குத் தேனீ மட்டும் வாடிக்கை இல்லை, ஈயும் வண்டும்கூட உண்டு. ஈயை அழைக்கிற வாசனை நமக்குப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் தவறு. அது இருக்கட்டும், பதினேழு வருஷம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவர் ஒருமுறை மோந்து பார்த்திருக்கலாம்.

இனி வழக்குக்கு வருவோம். இந்தக் கதையில் ஒரு வழக்கு இருக்கிறது, தாய்மை வழக்கு.

பர்பேங்க் கணக்கு எழுதாதவர். எந்தச் செடியை எதனோடு, எந்த நாளில், எத்தனை பூவில் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது, தாளில் அரைகுறை. 1905இல் கார்னகி நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுக்க முன்வந்தது. அந்தக் காலத்துக்கு அது கண்ணை விரியவைக்கும் தொகை. பதிலுக்கு ஒரு நிபந்தனை: எங்கள் ஆள் வந்து உட்கார்ந்து நீங்கள் செய்வதையெல்லாம் குறித்துக்கொள்வார். வந்தவர் ஜார்ஜ் ஷல். பின்னாளில் கலப்பின மக்காச்சோளத்துக்கு வழி போட்டுக் கொடுத்த அதே ஷல். எண்ணி, எழுதி, அட்டவணை போட்டுப் பழகியவர் அவர். வரிசையில் நடந்துகொண்டே ‘இது, இது, இது’ என்று விரல் காட்டிவிட்டுப் போகிறவர் இவர். இரண்டு பேருக்கும் எப்படி ஒத்துப்போகும்? ஐந்து ஆண்டில் பணம் நின்றது. ஷல் எழுதியிருக்க வேண்டிய பெரிய அறிக்கை வெளிவரவே இல்லை. 1914, 15இல் பர்பேங்க் பெயரில் பன்னிரண்டு தொகுதி நூல் வந்தது. ஷாஸ்டா பிறந்த கதையை ஊருக்குச் சொன்னது அதுபோன்ற அவர் தரப்பு எழுத்துகள்தான். பிள்ளைக்கு யார் யார் உறவு என்று சொன்ன ஒரே சாட்சி, பிரசவம் பார்த்தவர் மட்டும்.

தாவரவியலாளர்கள் பிறகு செடியையே விசாரித்தார்கள். இன்று ஷாஸ்டாவின் முறையான பெயர் லூகாந்தமம் சூப்பர்பம். கலப்பினம் என்பதற்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி. பெற்றோர் என்று புத்தகங்கள் பதிவு செய்திருப்பது இரண்டே பேரை: பிரனீஸ் மலைக்காரரும் போர்ச்சுக்கல் ஏரிக்காரியும். மாட்டுக்கண் களையின் பெயர் அந்தப் பதிவில் இல்லை, ஜப்பானியக் கடற்கரைக்காரியின் பெயரும் இல்லை. ஒரு காலத்தில் இந்த நால்வரும் ஒரே பேரினம் என்று எண்ணப்பட்டவர்கள்தான். 1978இல் கிதாமுரா என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் ஹாமாகிகுவைத் தனியே பிரித்து, அதற்கென்று ஒரு பேரினமே அமைத்தார்: நிப்பொனாந்தமம். அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. குரோமோசோம் கணக்கும் முறைக்கிறது. ஜப்பானியச் செடிக்கு 18. போர்ச்சுக்கல் செடிக்கு 198. எழுத்துப் பிழையில்லை, நூற்றுத் தொண்ணூற்று எட்டு. செடிகளுக்குள் இப்படிப்பட்ட வித்தியாசங்களைத் தாண்டியும் கலப்பு நடப்பதுண்டு. ஆனாலும் முறைமாமன் வீட்டுச் சம்பந்தம் போல இது சுலபத்தில் கூடுகிற உறவு இல்லை.

பர்பேங்க் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. மகரந்தத்தைக் கொண்டுபோய் வைத்தார், விதை பிடித்தது, விதையில் வெள்ளை வந்தது, வைத்தவருக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் கலிபோர்னியத் தோட்டத்தில் தேனீக்கும் ஈக்கும் யாரும் விடுமுறை கொடுப்பதில்லை. நூறு வாசல் திறந்த பூவில் யார் முதலில் நுழைந்தார் என்று எந்தத் தோட்டக்காரரும் சத்தியம் செய்ய முடியாது. அவருக்குக் கணக்கு எழுதும் பழக்கம் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது. இருந்திருந்தால் ஷாஸ்டா வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். கணக்குப் பிள்ளைகள் பூந்தோட்டத்தில் தீ வைக்க மாட்டார்கள்.

அவர் 1926 ஏப்ரலில் இறந்தார். சான்டா ரோசாவில் தன் வீட்டுத் தோட்டத்திலேயே, தான் விதை போட்டு வளர்த்த லெபனான் தேவதாருவின் நிழலில், கல்லறைக் கல் இல்லாமல் புதைக்கப்பட்டார். உயிரோடு இருந்தபோது அவருடைய செடிகளுக்குக் காப்புரிமை கிடையாது; யார் வேண்டுமானாலும் வாங்கிப் பெருக்கி விற்கலாம். செடிகளுக்குக் காப்புரிமை தரும் சட்டம் அமெரிக்காவில் 1930இல்தான் வந்தது. செத்த பிறகு அவர் பெயரில் 16 காப்புரிமைகள் பதிவாயின. அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகப் பேசியவர்களில் அவருடைய நண்பர் எடிசனும் உண்டு. 1931இல் ஓவியர் ஃப்ரிடா காலோ பர்பேங்கை வரைந்தார்: இடுப்புக்கு மேலே கோட்டு போட்ட மனிதர், இடுப்புக்குக் கீழே மரம், மரத்தின் வேர் மண்ணுக்குள் ஒரு பிணத்தைப் பற்றியிருக்கும். கையில் டெய்சி வரையவில்லை. பெரிய இலைகள் உள்ள ஏதோ ஒரு செடி.

ஹாமாகிகு, தன் பிள்ளை என்று சொல்லப்பட்டதன் புகழைப் பற்றிக் கவலைப்படாமல், தனியாகவே அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மேற்குக் கரையில் இல்லை, கிழக்குக் கரையில். தோட்டத்துக்கென்று கொண்டுபோன செடி நியூயார்க், நியூஜெர்சி கடலோரங்களில் வேலி தாண்டி மணலில் வேர்விட்டது. லாங் ஐலண்டின் கிழக்கு முனையில் மொன்டாக் என்ற ஊர், அதற்கப்பால் அட்லாண்டிக். அங்கே கோடை விருந்தாளிகள் வீடுகளைப் பூட்டிவிட்டுக் கிளம்பிய பிறகு, செப்டம்பர் கடைசியில், அக்டோபரில், உப்புக்காற்று வீசும் வேலியோரங்களில் இது பூத்துக் கிடக்கும். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் மொன்டாக் டெய்சி என்பார்கள். எங்கள் ஊர்ப் பூ என்பார்கள். ஜப்பான் என்று சொன்னால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நாற்றுக் கடைகளிலும் அந்தப் பெயர்தான்.

சொந்த ஊரில் அதன் கதை வேறு திசையில் போனது. இவாத்தே மாநிலத்து ஒத்சுசி ஊரில், நாமியித்தா கடற்கரையில் ஒரு தங்கும் விடுதி. 1997இல் அரசர் அகிஹிதோவும் அரசி மிச்சிகோவும் அங்கே தங்கினார்கள். கரையில் பூத்திருந்த ஹாமாகிகுவைப் பார்த்து அவர்களுக்குப் பிடித்துப்போக, விடுதியை நடத்தியவர் பிறகு அதை டோக்கியோவுக்கு அனுப்பிவைத்தார். அரண்மனைத் தோட்டத்தில் அது வேர்பிடித்தது. 2011 மார்ச் 11ஆம் தேதி அந்தக் கரை முழுக்கச் சுனாமி ஏறியது. விடுதிக்குள் கடல் புகுந்தது. அனுப்பிவைத்தவர் அலையோடு போனார். கரையும் விடுதியும் அப்படியே கிடக்க, அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அரண்மனையிலிருந்து ஒரு படம் வெளியானது. அரசரும் அரசியும் தோட்டத்தில் நிற்கிறார்கள், பக்கத்தில் ஹாமாகிகு பூத்திருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த, அலையோடு போனவரின் தம்பி, மூடிவிடலாம் என்று நினைத்திருந்த விடுதியை மறுபடி கட்ட ஆரம்பித்தார். 2013இல் திறந்தார். பழைய பெயரை வைக்கவில்லை. வாசல் பலகையில் இப்போது இருக்கும் பெயர்: சன்ரிக்கு மலர் ஓட்டல் ஹாமாகிகு.